நைல் பெருகும்வரை ஓர் அமர்வு: ‘ஃபேரோ’ விளையாட்டு மதிப்புரை

வார நாள்களில் விளையாட்டுக்கென்று எனக்குக் கிடைப்பது, வேலைகள் எல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகான முக்கால் மணி நேரம் மட்டுமே. அதுவும் வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல் வாய்ப்பதில்லை. இவ்வளவு குறைந்த நேரத்தை வைத்துக்கொண்டு ஒரு பழங்கால நகரத்தை எழுப்பி, அதன் மக்களின் பசியாற்றி, அரசனுக்குக் கல்லறையும் கட்டி முடிக்க இயலுமா என்ற கேள்வியோடுதான், மாணவப் பருவத்தில் விடுமுறைப் பகல்கள் முழுவதையும் கொடுத்து விளையாடிய ‘ஃபேரோ’வை ஓராண்டுக்கு முன் மீண்டும் கணினியில் நிறுவினேன். இயலும் என்பதே இப்போது என் விடை. அதற்கான காரணம் விளையாட்டின் திரைத்தோற்றத்திலோ வசதிகளிலோ இல்லை. அதன் நடுவே ஓடும் ஆற்றில் இருக்கிறது. நேரம் குறைந்தவர்களுக்கு இந்த விளையாட்டு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதை மட்டுமே அளவுகோலாக வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

அறியாதவர்களுக்குச் சிறு அறிமுகம். ‘ஃபேரோ’ 1999-ஆம் ஆண்டில் இம்ப்ரெஷன்ஸ் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி, சியரா வெளியிட்ட, பழங்கால எகிப்தில் நகரம் கட்டும் கணினி விளையாட்டு. முந்தைய ஆண்டில் ரோமானிய நகரங்களைக் கட்டவைத்த ‘சீசர் 3’-இன் அடித்தளத்தின்மேல் எழுந்தது. அடுத்த ஆண்டிலேயே ‘கிளியோபாட்ரா’ என்ற விரிவாக்கம் வந்தது. கிரேக்கத்தைக் களமாகக் கொண்ட ‘ஸீயஸ்’ 2000-இலும், சீனத்தைக் களமாகக் கொண்ட ‘எம்பரர்’ 2002-இலும் இதே குடும்பத்தில் பிறந்தன. இம்ப்ரெஷன்ஸ் 2004-இல் மூடப்பட்டது. 2023 பிப்ரவரியில் ட்ரிஸ்கெல் இன்டராக்டிவ் உருவாக்கி டோட்டெமு வெளியிட்ட ‘ஃபேரோ: எ நியூ எரா’ என்ற மறுவுருவாக்கமும் இப்போது கிடைக்கிறது. நான் பெரும்பாலும் விளையாடியது பழைய வடிவத்தை. புதியதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நகரம் கட்டும் விளையாட்டுகளில் நேரமில்லாதவர்கள் சந்திக்கும் இடர்ப்பாடு எல்லோரும் அறிந்ததே. பந்தய விளையாட்டில் ஒரு சுற்று முடியும். சதுரங்கத்தில் ஓர் ஆட்டம் முடியும். நகரம் மட்டும் முடிவதே இல்லை. கிணறு தோண்டினால் குடிசைகள் பெருகும், குடிசைகள் பெருகினால் உணவு போதாது, உணவுக்கு வழி செய்தால் அதைச் சுமந்து வரும் ஆள்களுக்கு வீடு போதாது. ஒவ்வொரு தீர்வும் அடுத்த தேவையைக் கையைப் பிடித்து அழைத்து வருவதுதான் இந்த வகையின் இன்பம். படுக்கப் போக வேண்டிய நேரம் கடந்தும் எழ முடியாமல் போவதற்கும் அதுவே காரணம். 2014-இல் வந்த ‘பேனிஷ்ட்’ போன்ற விளையாட்டுகளில் நிறைவேற்ற வேண்டிய பணிகள் என்று எதுவும் வகுக்கப்படவில்லை. எங்கே நிறுத்துவது என்பதை விளையாடுபவரே முடிவு செய்துகொள்ள வேண்டும். நேரம் ஏராளமாக உள்ளவர்களுக்கு அது விடுதலையாக இருக்கலாம். மறுநாள் காலை ஆறு மணிக்கு எழ வேண்டியவருக்கு, நிறுத்தும் இடத்தை விளையாட்டே காட்டித் தருவது பேருதவி.

‘ஃபேரோ’வில் அந்த இடத்தைக் காட்டித் தருவது நைலின் வெள்ளம். எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பெய்யும் கோடை மழை நீல நைலில் திரண்டு, ஆண்டுதோறும் எகிப்தின் வயல்களை மூழ்கடித்து, வண்டலை விட்டுவிட்டு வடிந்தது. 1970-இல் அஸ்வான் பேரணை கட்டி முடிக்கப்படும்வரை அந்த நாட்டின் வாழ்க்கைச் சுழற்சியை இதுவே நடத்தியது. எகிப்தியர்கள் ஆண்டை நான்கு நான்கு மாதங்கள் கொண்ட மூன்று பருவங்களாகப் பிரித்தனர்: வெள்ளம் நிற்கும் அக்கெத், விதைத்து வளர்க்கும் பெரெத், அறுவடைக்கான ஷெமு. விளையாட்டு இந்தச் சுழற்சியை ஓர் அலங்காரமாக அல்லாமல் இயக்கவிதியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆற்றோரத் தாழ்நிலத்தில் அமைத்த வயல்களுக்கு வேலையாள் முகாம்களிலிருந்து உழவர்கள் சென்று பயிரிடுகிறார்கள். வெள்ளம் ஏறுவதற்குமுன் அறுவடையாகி, தானியம் களஞ்சியத்துக்கு வந்து சேர்கிறது. பிறகு நீர் ஏறி வயல்களை மூடுகிறது. வெள்ளம் நன்றாக வந்தால் மண்ணின் வளம் மீள்கிறது, குறைவாக வந்தால் அடுத்த அறுவடை மெலிகிறது. வரப்போகும் வெள்ளம் எப்படி இருக்கும் என்ற கணிப்பும் முன்கூட்டியே நமக்கு வந்துவிடும். வேளாண்மைக்கும் வெள்ளத்துக்கும் உரிய கடவுளான ஒசிரிசைப் புறக்கணித்திருந்தால் அந்தக் கணிப்பைப் படிக்கும்போதே வயிற்றில் புளியைக் கரைக்கும்.

வெள்ளத்தை அமர்வின் எல்லையாக வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது மூன்றாவது வாரத்தில்தான். அதுவரை கடிகாரத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டிருந்தேன். அப்படி நிறுத்தும்போதெல்லாம் ஏதோ ஒரு வண்டி பாதி வழியில் இருக்கும், ஏதோ ஒரு கிடங்கு நிரம்பி வழியும், அடுத்த முறை உட்காரும்போது அன்றைக்கு என்ன நினைத்திருந்தேன் என்பதே நினைவுக்கு வராது. வெள்ளத்தில் நிறுத்தத் தொடங்கியதும் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. வயல்கள் நீருக்குள் இருக்கும்போது வயல்களுக்காகச் செய்ய வேண்டியது எதுவுமில்லை. ஆண்டுக்கான உணவு களஞ்சியத்தில் வந்து சேர்ந்துவிட்டது. அது எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்பது எண்ணாகவே தெரிகிறது. கணக்கு முடித்து ஏட்டை மூடுவதற்கு ஏற்ற நாள் அதுதான். நான் வைத்திருக்கும் நடுத்தர வேகத்தில், கட்டுவதற்கும் யோசிப்பதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்து, ஒரு வெள்ளத்திலிருந்து மறு வெள்ளம்வரை ஏறத்தாழ இருபது நிமிடங்கள் ஆகின்றன. முக்கால் மணி நேரத்தில் இரண்டு ஆண்டுகள் நிம்மதியாக நடக்கும். களைப்பு மிகுந்த நாளில் ஓர் ஆண்டோடு எழுந்துவிடலாம். அந்த ஓர் ஆண்டும் முழுமையான ஒன்றாகவே மனத்தில் நிற்கும்.

உட்கார்ந்ததும் நான் முதலில் திறப்பது தலைமை மேற்பார்வையாளரின் பக்கத்தை. வேலையில்லாதோர், உணவு இருப்பு, நோய், கருவூலம் முதலான நகரத்தின் நிலவரம் முழுவதையும் ஒரே திரையில் ஒவ்வொரு வரியாகச் சொல்லும் அந்தப் பக்கம், நேரம் குறைந்தவர்களுக்காகவே வடிவமைத்தது போல் இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் யாரோ அதை எழுதிவைத்தார்களே என்று நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். பின்னால் வந்த எத்தனையோ விளையாட்டுகள் இதே செய்தியைப் பத்து வரைபடங்களில் சிதறவிட்டு, நாம்தான் தேடித் தொகுத்துக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிடுகின்றன. ஒரு வாரம் கழித்து வந்தாலும் இந்தப் பக்கத்தைப் படித்து இரண்டு நிமிடங்களில் நகரத்துக்குள் நுழைந்துவிட முடிகிறது.

இதனோடு ஒரு குறிப்பேடும் வைத்திருக்கிறேன். ஒவ்வோர் அமர்வின் முடிவிலும் இரண்டு வரிகள்: வெள்ளம் எப்படி, அடுத்து என்ன வேலை. இதை எழுதத் தொடங்கிய பிறகுதான், எகிப்தியர்களும் தம் ஆண்டுகளை ஏறத்தாழ இப்படியே பதிந்துவைத்தார்கள் என்பது நினைவுக்கு வந்தது. சிசிலியின் பலெர்மோ நகரில் பாதுகாக்கப்படும் ‘பலெர்மோ கல்’ எகிப்தின் தொடக்கக்கால அரசர்களின் ஆண்டுக்குறிப்புகள் பொறிக்கப்பட்ட ஒரு துண்டு. அதில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு கட்டம், கட்டத்தில் அந்த ஆண்டின் முக்கிய நிகழ்வு, அதன் அடியில் நைல் ஏறிய உயரம். அரச வரலாற்றையே வெள்ளத்தின் அளவோடு சேர்த்துப் பதிந்த மக்களைப் பற்றிய விளையாட்டு, வெள்ளத்தையே ஆண்டின் மையமாக வைத்திருப்பது வரலாற்றுக்கு மிக நெருக்கமான முடிவு என்று கருதுகிறேன்.

இன்னொரு சான்றும் இங்கே பொருந்தும். 2013-இல் செங்கடல் கரையிலுள்ள வாடி அல்-ஜர்ஃபில் தொல்லியலாளர் பியர் டாலே தலைமையிலான குழுவினர் கண்டெடுத்த பாப்பிரஸ் ஏடுகளில், மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருக்கிறது. ஏறத்தாழ நாற்பது பேர் கொண்ட குழுவோடு, தூரா சுரங்கங்களிலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி, கூஃபு அரசனின் பெரிய பிரமிடு எழுந்துகொண்டிருந்த கீஸாவுக்குக் கொண்டுசேர்த்தவர் அவர். எகிப்தியர்களின் வாரம் பத்து நாள்களைக் கொண்டது. அந்தப் பத்து நாள்களுக்குள் இரண்டு அல்லது மூன்று முறை போய் வந்ததை அவர் நாள் தவறாமல் குறித்திருக்கிறார். இன்று கல் ஏற்றினோம், இன்று புறப்பட்டோம், இன்று இரவு இங்கே தங்கினோம் என்ற அளவில்தான் அந்தக் குறிப்புகள். பெருமிதப் பேச்சு எதுவும் அதில் இல்லை. ஏறத்தாழ 146 மீட்டர் உயர்ந்த கட்டடம், இப்படிப்பட்ட சிறு சிறு பயணங்களால்தான் எழுந்தது என்பதை அறிந்த பிறகு, என் முக்கால் மணி நேரத்தைப் பற்றிய மனக்குறை எனக்கு இல்லாமல் போயிற்று.

இனி, நேரம் குறைந்தவர்களைச் சோதிக்கும் பகுதிக்கு வருகிறேன். இந்த விளையாட்டில் சேவைகள் எல்லாம் தெருவில் நடந்து செல்லும் ஆள்கள் வழியாகவே வீடுகளை அடைகின்றன. தண்ணீர் சுமப்பவர், அங்காடி வணிகர், மருத்துவர், தீயணைப்பவர், பூசாரி, ஆடலும் பாடலும் நிகழ்த்துவோர் என ஒவ்வொருவரும் தத்தம் கட்டடத்திலிருந்து புறப்பட்டு, சிறிது தூரம் நடந்து, திரும்பிவிடுகிறார்கள். சந்திப்பு வந்தால் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது நம் கையில் இல்லை. ஆள் வேண்டிய ஒரு தொழிற்கூடத்துக்கும், ஆள் திரட்டுபவர் நடந்துபோய்க் குடியிருப்பைக் கண்டால்தான் ஆள் கிடைக்கும். தொடக்கத்தில் நான் கட்டிய ஒரு நகரத்தில், அழகுக்காகத் தெருக்களைக் கட்டம் கட்டமாகப் பின்னிவிட்டேன். பூசாரி நான்கு முறை தொடர்ந்து குயவர்களின் பக்கமே திரும்பிப் போனார். நல்ல நிலைக்கு உயர்ந்திருந்த வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்தன. குடியிருப்போர் வெளியேற, வேலையாள் குறைய, தீயணைப்பு நிலையத்தில் ஆளின்றி ஒரு தெருவே எரிந்தது. அதைச் சீர்செய்ய மூன்று இரவுகள் பிடித்தன. மூன்று இரவுகள் என்றால் எனக்கு ஒரு வாரம்.

இதற்கு விளையாட்டிலேயே மருந்து இருக்கிறது. சாலைத் தடுப்பு என்ற சிறிய கட்டுமானம், இலக்கின்றி உலாவும் ஆள்களை மட்டும் நிறுத்தித் திருப்பி அனுப்புகிறது. சரக்கு வண்டிக்காரர், கொள்முதலுக்குச் செல்லும் அங்காடிப் பெண், புதிதாகக் குடியேறுவோர் ஆகிய இலக்கோடு செல்பவர்களை விட்டுவிடுகிறது. ‘சீசர் 3’-இல் இல்லாத இந்தச் சிறு பொருள்தான் ‘ஃபேரோ’வைத் திட்டமிட்டு விளையாடக்கூடிய ஒன்றாக மாற்றியது என்பது என் உறுதியான கருத்து. சந்திப்புகளே இல்லாத ஒரு வளையத் தெரு, அதன் இரு பக்கங்களிலும் இரண்டுக்கு இரண்டு கட்ட அளவில் வீட்டு மனைகள், வளையத்துக்குத் தேவையான சேவைக் கட்டடங்கள் ஒவ்வொன்று, வெளிச்சாலையோடு இணையும் இடத்தில் ஒரு தடுப்பு: இந்த அமைப்பைச் சரியாக ஒருமுறை அமைத்துவிட்டால் அது தானாகவே வாழும். வாரக்கணக்கில் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

நேரம் பற்றிய என் கணக்கைத் தலைகீழாக மாற்றியதும் இந்த வளையம்தான். அதைத் திட்டமிடக் கணினியே தேவையில்லை. கட்டம் போட்ட தாளும் பென்சிலும் போதும். காத்திருப்புகளிலும் பயண நேரத்திலும் உணவு இடைவேளையிலும் நான் வரைந்த வளையங்கள் ஒரு முழு ஏட்டை நிரப்பியிருக்கின்றன. அங்காடியை எந்த மூலையில் வைத்தால் வணிகர் இரு பக்கமும் போவார், கள்ளும் பானையும் கிடங்கிலிருந்து எத்தனை கட்டத் தொலைவில் இருக்கலாம், குயவர்களின் புழுதி வீடுகளின் மதிப்பைக் குறைக்காமல் இருக்க எத்தனை வரிசைத் தோட்டம் வேண்டும் என்பவையெல்லாம் தாளிலேயே தீர்ந்துவிடுகின்றன. இரவில் உட்காரும்போது அதைத் திரையில் பதிக்கும் வேலை மட்டுமே மிச்சம். வாற்கோதுமையிலிருந்து வடித்த எகிப்தியரின் பீரைத்தான் கள் என்று எழுதியிருக்கிறேன். களிமண்ணிலிருந்து பானை, ஆளிச் செடியிலிருந்து லினன் துணி, வைக்கோலும் களிமண்ணும் சேர்ந்து பச்சைச் செங்கல் என ஒவ்வொரு தொழிலும் எளிய சங்கிலியாக இருப்பதால், இந்த விளையாட்டை மனத்திலேயே நடத்திப் பார்க்க முடிகிறது. மேட்டு நிலத்துக்கு நீரேற்ற வைக்கும் கட்டுமானத்தைக் கண்டதும், அது நம் ஏற்றமேதான் என்று மகிழ்ந்தேன்.

பிரமிடுகளைப் பற்றி எனக்கு இரண்டு மனம் இருக்கிறது. கல் கொண்டுவரப்படுவது, சறுக்குவண்டியில் கட்டி உழவர்கள் கூட்டமாக இழுத்துச் செல்வது, கொத்தர்களும் தச்சர்களும் வரிசை வரிசையாக அடுக்கு எழுப்புவது ஆகியவற்றை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய வேறு விளையாட்டை நான் அறியேன். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக வந்து சேர்கிறது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதைக் கண்ணால் காண்பது போன்ற அனுபவம் அது. நகரம் முழுவதும் நிலைபெற்றுச் சீராக ஓடத் தொடங்கிய பின்னும், பிரமிடு முடிவதற்காக மட்டும் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்வதும் உண்மை. சக்காராவில் படிப் பிரமிடு முடியக் காத்திருந்த அமர்வுகளில் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிவைத்துவிட்டுப் பக்கத்தில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். முழு நாளைச் செலவிடுபவருக்கு இது ஓர் இளைப்பாறல். வாரத்தில் இரண்டேகால் மணி நேரம் மட்டுமே உள்ளவருக்கு, அந்த நேரத்தில் பாதி, செய்வதற்கு ஒன்றுமின்றிக் கழிவது வருத்தம் தருகிறது. இந்த ஒரு குறைக்கு விளையாட்டுக்குள் தீர்வு இல்லை. நகரத்தின் அடித்தளம் அமைந்ததுமே, வளம் கொழிக்கும்வரை காத்திராமல், பிரமிடு வேலையைத் தொடங்கிவிட்டால் இரண்டும் ஒன்றாக முடியும் என்பதை மட்டும் அனுபவத்தில் கண்டுகொண்டேன்.

நம் அட்டவணையை மதிக்காத நிகழ்வுகளும் உண்டு. அரசவையிலிருந்து இத்தனை வண்டி தானியமோ பானையோ இத்தனை மாதங்களுக்குள் அனுப்பு என்று ஓலை வரும்; அனுப்பத் தவறினால் நாட்டில் நம் மதிப்புக் குறையும். வேறு நகரங்களின் படையெடுப்பும் உண்டு. வெள்ளத்தில் நிறுத்தும் ஒழுங்கு இவற்றுக்குப் பொருந்தாது. ஒரு வேண்டுகோளின் கெடு அடுத்த வெள்ளத்துக்குப் பின்னும் நீளலாம். குறிப்பேட்டின் இரண்டு வரிகளோடு மூன்றாவது வரியாகக் கெடுவையும் எழுதத் தொடங்கியதற்கு இதுவே காரணம். போர்களைப் பொறுத்தவரை, அவற்றை இந்த விளையாட்டின் வலுவான பகுதியாக நான் எப்போதும் கருதியதில்லை. வீரர்களை நகர்த்தும் முறை முரடாக இருக்கிறது. விரைவில் முடிந்தால் போதும் என்றே தோன்றும். நல்ல வேளையாக, பல கட்டங்களில் அமைதியான நகரம், போர் மிகுந்த நகரம் என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க விளையாட்டே இடம் தருகிறது.

வரலாற்றைக் கையாண்ட விதத்தில் எனக்கு நிறைவு அதிகம். நகரங்கள் பெரும்பாலும் கிரேக்கர் இட்ட பெயர்களால் அல்லாமல், எகிப்தியப் பெயர்களாலேயே வருகின்றன: மெம்ஃபிஸ் அல்ல, மென்-நெஃபர், அபிடோஸ் அல்ல, அபெஜு, ஹீலியோபோலிஸ் அல்ல, ஓன். ஆற்றோரச் சிற்றூரான நுப்ட்டில் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம் அதிகாரத்தில் ஏறிவருவதாகக் கதை அமைந்திருப்பதால், ஒவ்வொரு பணியும் ஒரு தலைமுறையின் உழைப்பு போலத் தோன்றுகிறது. பணத்தைக் கையாண்டதில் மட்டும் எளிமைப்படுத்தல் இருக்கிறது. விளையாட்டில் வேலையாள்களுக்கு டெபென் என்ற கணக்கில் ஊதியம் தருகிறோம், அவர்களிடமிருந்து வரியும் அதே கணக்கில் பெறுகிறோம். உண்மையில் டெபென் ஓர் எடை அளவு. பொருள்களின் மதிப்பைச் சொல்ல அதைப் பயன்படுத்தினார்களே தவிர, நாணயமாகக் கைமாறவில்லை. கூலி தானியமாக வந்தது. அரச கல்லறைகளைச் செதுக்கிய டெய்ர் எல்-மெதினா என்ற ஊரின் கைவினைஞர்கள், மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆட்சியாண்டில் தானியம் வந்து சேராததால் கருவிகளை வைத்துவிட்டு வெளியேறி அமர்ந்தது எழுத்தில் பதிவான ஒரு வேலைநிறுத்தம். களஞ்சியமும் கூலியும் ஒன்றாகவே இருந்த அந்தப் பொருளாதாரத்தை விளையாட்டு அப்படியே எடுத்திருந்தால், வெள்ளத்துக்கும் கருவூலத்துக்கும் இடையிலான பிணைப்பு இன்னும் இறுகியிருக்கும். ஒரு மோசமான வெள்ளத்தின் அச்சம் இன்னும் உண்மையாக இருந்திருக்கும். அது நடக்காமல் போனது இழப்பே என்று எண்ணுகிறேன்.

கீத் ஸிஸ்ஸா அமைத்த இசையையும் குறிப்பிட வேண்டும். தாள வாத்தியங்களும் குழலும் மெதுவாக நடக்கும் அந்த இசை அவசரப்படுத்துவதே இல்லை. நாள் முழுதும் அழைப்புகளிலும் மின்னஞ்சல்களிலும் இருந்துவிட்டு வரும் மனத்துக்கு அது செய்யும் நன்மையை நான் வேறு விளையாட்டில் பெற்றதில்லை. அதனால்தான் ஒலியை அணைத்துவிட்டு விளையாட வேண்டிய இரவுகளில் காதொலிப்பானைத் தேடி எடுத்துக்கொள்கிறேன்.

புதிய வடிவமான ‘எ நியூ எரா’வைச் சில வாரங்கள் விளையாடிப் பார்த்தேன். நேரம் குறைந்தவர் என்ற கோணத்தில் அதன் பெரிய ஆதாயம், ஆள் திரட்டுபவர் நடந்து செல்லாமலேயே நகரத்தின் உழைப்பாளர் அனைவரையும் பொதுவான ஒரே தொகுப்பாகக் கொள்ளும் விருப்பத்தேர்வு. தொலைவிலுள்ள ஒரு கல்சுரங்கத்துக்கு ஆள் கிடைப்பதற்காகவே அதன் பக்கத்தில் நான்கு குடிசைகள் கட்டிப் பராமரிக்கும் தொல்லை இதில் நீங்குகிறது. அமர்வுக்குப் பத்து நிமிடமாவது மிச்சமாகிறது. ‘கிளியோபாட்ரா’ விரிவாக்கத்தின் பணிகளும் சேர்ந்தே வருகின்றன; மொத்தம் ஐம்பதுக்கும் மேல். படங்கள் இன்றைய அகலத் திரைக்கு ஏற்பப் புதிதாக வரையப்பட்டவை. பழையதோ அதிகம் போனால் 1024-க்கு 768 என்ற அளவுக்காக உருவானது. புதிய திரைகளில் சரியாகத் தெரிய, ஆர்வலர்கள் உருவாக்கிய திருத்தக் கோப்பைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. எழுத்துகளும் சிறியவை. ஆயினும், பழைய வடிவத்தில் மண்ணின் நிறமும் வீடுகளின் நிழலும் சொல்லும் செய்தி எனக்குத் தெளிவாக இருக்கிறது; ஒரு தெருவைப் பார்த்த மாத்திரத்தில் அங்கே தண்ணீர் வரவில்லை என்று கண்டுகொள்கிறேன். புதியதில் அந்தப் பழக்கம் கைவர இன்னும் நாளாகும். முதன்முறையாக நுழைபவர்கள் புதியதையே எடுத்துக்கொள்ளலாம். முன்பு விளையாடியவர்களுக்குப் பழையதும் ஸ்டீம், கோக் (GOG) ஆகிய இரு இணைய விற்பனைத் தளங்களிலும் ‘கிளியோபாட்ரா’வோடு சேர்ந்து கிடைக்கிறது, சாதாரண அலுவலக மடிக்கணினியே அதற்குப் போதும்.

கடினநிலை ஐந்து இருக்கின்றன. நேரமில்லாதவர்கள் ‘எளிது’ என்பதைத் தேர்ந்தெடுப்பதில் தயங்க வேண்டாம் என்று வலியுறுத்துவேன். உயர்ந்த நிலைகளில் கடினம் என்பது பெரும்பாலும் பணமுடையாகவும் கடவுளரின் சினமாகவும் வருவதால், ஒரு தவறைத் திருத்தவே சில அமர்வுகள் செலவாகிவிடும். முதல் சில பணிகளைப் பயிற்சிதானே என்று தாண்டிவிடவும் வேண்டாம். அவை ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு புதுமைகளை மட்டும் அறிமுகப்படுத்தி, ஓரிரு இரவுகளில் முடிந்துவிடுகின்றன. வார நாள்களுக்கு அளந்து தைத்தது போன்ற பணிகள் அவை. சக்காராவுக்குப் பிறகு ஒவ்வொரு நகரமும் ஒரு மாதம் கேட்கும் என்பதை எதிர்பார்த்துத் தொடங்குவது நல்லது.

நான் இப்போது தெற்குத் தஹ்ஷூரில், ஸ்னெஃப்ரு அரசனின் வளைந்த பிரமிடில் இருக்கிறேன். ஏறத்தாழ 54 பாகைச் சரிவில் தொடங்கி, பாதிக்கு மேல் 43 பாகையாகத் தணிந்த அந்தப் பிரமிடு இன்றும் அங்கே நிற்கிறது. கட்டிக்கொண்டிருக்கும்போதே கட்டுவோர் மனம் மாறியது அதன் உருவத்திலேயே பதிந்திருக்கிறது. ஐந்து வாரங்கள் ஆகிவிட்டன. குறிப்பேட்டின் கடைசிப் பதிவு மூன்று வரிகள்: வெள்ளம் நன்று, கிழக்கு வளையத்துக்கு இன்னொரு மருத்துவர் தேவை, அரசவைக்குப் பானை அனுப்ப இன்னும் ஏழு மாதம்.